இடதுகால் மருந்து

மயங்கக்கூடாத வாற்பேய்கள் அன்று காலை எல்லாமே மயங்கிக் கிடந்தன. தர்ஷினி மிஸ் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார்.

ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கொட்டாஞ்சேனை ஆள், எட்டாம் வகுப்புப் படிப்பு. தவளைக் குஞ்சுகளான இந்த வாற்பேய்களைப் பராமரிப்பது என் வேலை. வெள்ளவத்தைப் பிள்ளையான மிஸ், ஸ்டீராய்ட் வகை மயக்க மருந்து ஒன்றை ஆராய்ந்தார். மூளையிலுள்ள ஒரு புரதத்தில் பள்ளம் இருக்கிறது, மருந்து அதற்குள் பொருந்துவதால்தான் மயக்கம் வருகிறது என்று அவர் நிறுவ வேண்டும். அதற்காக அதே மருந்தை, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிய அமைப்பிலும் எடுப்பித்திருந்தார். எனக்கு இப்படி விளக்கினார்:

"கோயில் வாசல்லை செருப்பு மாறிப் போட்டுப் பாத்திருக்கிறியளோ அங்கிள்? இடதுகால் செருப்பு வலதுகாலுக்குச் சேராது. அப்பிடித்தான், மாறின மருந்து பள்ளத்துக்குள்ளை போகாது. வாற்பேய் முழிச்சுக்கொண்டிருக்கும்."

ஆனால் மாறின மருந்திலும் மயங்கிவிட்டன. கோலால் புரட்டினால் மல்லாந்தபடியே கிடந்தன. மிஸ்ஸின் பேராசிரியர் வந்து பார்த்து, பள்ளமே இல்லைப் போல, வேறு தலைப்பு யோசிப்போம் என்று சொல்லிப் போனார். மிஸ்ஸின் இத்தனை வருட உழைப்பு! நான் வாற்பேய்களை நல்ல தண்ணீருக்கு மாற்றி, முருகா, எழுப்பிவிடு என்று மன்றாடினேன். மெல்ல எழும்பின.

மிஸ் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். தட்டுப்பாட்டுக் காலம். வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி வைப்பதுபோல, இங்கும் கோப்பைகளைக் கழுவித்தான் பாவித்தோம். முந்தின நாள் சரியான மருந்து இதில்தானே இருந்தது என்று கேட்டார். ஓம், சோப் போட்டுக் கழுவினது என்றேன்.

"கழுவினதிலை பிழையில்லை அங்கிள். இந்த மருந்து எண்ணெய் மாதிரி. பிளாஸ்டிக்கிலை ஊறி நிண்டு, தண்ணி விட்டதும் வெளியிலை வரும். அதுதான் இதுகளை மயக்கியிருக்கு."

உடனே கடைத்தெருவான காலி வீதிக்கு ஓடிப்போய், மருந்து ஊறாத கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கினேன். வீட்டில் என்ன விசேஷமோ என்று கடைக்காரர் பகிடி விட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

சில கிளாஸ்களில் சரியான மருந்து, சிலதில் மாறினது. நீங்களே புரட்டுங்கோ அங்கிள் என்று மிஸ் கோலை என்னிடம் தந்தார். சரியான மருந்தில் கிடந்தவை அசையவில்லை. மாறின மருந்தில் ஒன்றைப் புரட்டினேன். சடாரென்று நிமிர்ந்து நீந்தியது! அடுத்ததும் அப்படியே.

"பள்ளம் இருக்கு அங்கிள்," என்றார் மிஸ், அழுதுகொண்டு.

பிள்ளைகளே, விடை பிழைத்தால், கடவுள் வைத்த பள்ளம் இல்லை என்று சொல்ல முதல், நாங்கள் வாங்கி வைத்த கோப்பையைப் பாருங்கள்.