வெள்ளையாகத் தெரிந்த முன்பல்

எங்கள் டென்டல் லேபில் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுபவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். இருபத்திரண்டு ஆண்டு, நான்கு மாத அனுபவம். ஈறருகே மஞ்சள், நடுவில் தந்த நிறம், நுனியில் லேசான சாம்பல். மூன்றையும் எல்லை தெரியாமல் தூரிகையால் கலந்து சூளையில் வைப்பார். அந்தப் பல் போய்ச் சேரும் வாயை மட்டும் அவர் பார்ப்பதில்லை. டாக்டர் சீட்டில் எழுதும் நிற எண்தான் கணக்கு.

ஒரு முன்பல் மார்ச் 3, மார்ச் 11 என இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு சீட்டிலும் "வெள்ளையாகத் தெரிகிறது" என்ற குறிப்பு. நிற எண் மட்டும் அதே ஏ-1, வரிசையிலேயே மிக வெளுப்பான நிறம். மூன்றாவதாகச் செய்து அனுப்பியதற்குப் பல் வரவில்லை, டாக்டரின் போன்தான் வந்தது: இதுவும் வெள்ளை.

அக்கா தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப் முதலாளியிடம் போனார்.

"ஏ-1 கேட்டா ஏ-1தானே குடுக்க முடியும்? யாரு வாய்ல இருக்கோ அவங்களையே வரச் சொல்லுங்க ஐயா!"

21ஆம் தேதி அந்தப் பல்லைக் கட்டியிருந்த பள்ளி ஆசிரியை வாயைக் கையால் மறைத்தபடி வந்தார்.

"பசங்க எனக்கு டார்ச் மிஸ்னு பேரு வெச்சிட்டாங்க. வாயை மூடிக்கிட்டு எப்படிப் பாடம் நடத்துறது?"

ஜன்னலருகே நிறுத்திப் பார்த்தபோது அந்த ஒரு பல் மட்டும் பளிச்சென்று நின்றது. அக்காவின் முகம் சுருங்கியது.

"மாட்டின அன்னிக்கே இப்படியா?"

"அங்க கண்ணாடி காட்டும்போது அச்சு அசலா இருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிச்சுப் பாத்தா இப்படி."

"நிறம் எப்பப் பாத்தாங்க?"

"முக்கால் மணி நேரம் பஞ்சை அடைச்சு வாயைத் திறந்தே வெச்சிருந்தாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பாத்தாங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எச்சில் காய்ந்தால் சொந்தப் பல் வெளுத்துவிடும். ஈரம் ஏறினால் பழைய நிறத்துக்குத் திரும்பும்; பீங்கான் மட்டும் அப்படியே வெள்ளையாக நிற்கும்.

"காய்ஞ்ச பல்லுக்கு மூணு தடவை ஜோடி செஞ்சிருக்கேன்!"

அங்கேயே பக்கத்துப் பல்லைப் பார்த்துக் கலந்தார். ஏ-1ஐ விட மஞ்சள் கூடிய, ஏ-2க்கும் ஏ-3க்கும் இடைப்பட்ட நிறம். 25ஆம் தேதி ஆசிரியை போன் செய்தார்: "இப்ப எது பீங்கான்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும்."

அக்கா உடனே டாக்டரை அழைத்து, வேலை தொடங்கும் முன்பே நிறம் பார்க்கச் சொன்னார். "எனக்கே பாடமாம்மா?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

27ஆம் தேதி அவரிடமிருந்து மூன்று சீட்டுகள் வந்தன. மூன்றிலும் ஏ-1.

அக்கா பல்லைக் கடித்தார்.

"மூணு பேரையும் வரச் சொல்லுங்க ஐயா. இனிமே என் கண்ணால பாக்காம தூரிகையைத் தொட மாட்டேன்."