கரண்ட் போனால் பாதிப் பல் என்ன ஆகும்?

சொந்தமாகப் பல் லேப் வைக்கப்போகும் யாராவது இணையத்தில் தேடினால் இந்தப் பதிவு கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் தேடியபோது தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. 2008 கடைசி. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத சமயம். என் மனைவி வசந்தி பத்து வருஷமாக அடுத்தவர் லேபில் பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்துகொண்டிருந்தவள். திருமுருகன்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியிலேயே தனியாகத் தொடங்க லோன் கிடைத்தது. அதில், கட்டையிலிருந்து கேப்பைக் கடைந்தெடுக்கும் மில்லிங் மெஷின் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் அவள் மறுபடியும் அடுத்தவர் லேபுக்கே போகவேண்டியதுதான்.

நான் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். மெஷின் என்றால் எனக்குத் தெரியாததா என்ற மிதப்பில்தான் கிளம்பினேன்.

காலை ஏழரைக்கு டவுன் பஸ்ஸில் அவிநாசி போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் பிடித்தோம். நாற்பது கிலோமீட்டர், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். வசந்தியின் மடியில் ஒரு டிபன் டப்பா. உள்ளே கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றிய பிளாஸ்டர் பல் மாடல். யாருடையது என்று கேட்டேன். "ஒரு பேஷண்டோடதுங்க" என்றாள். எங்கள் ஊரில் சாம்பிள் ஓட்டிப் பார்க்காமல் யாரும் எதிலும் கை வைப்பதில்லை. அதனால் அவள் டப்பாவோடு வந்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் டப்பாவை மடியிலிருந்து ஒரு ஜாண் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காந்திபுரத்தில் ஆட்டோ. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "பல்லு ஆஸ்பத்திரிக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, பல்லு செய்யற மெஷின் பாக்கறதுக்கு."

"அதுக்கும் மெஷின் வந்துருச்சுங்களா? எங்கம்மா செட்டுப் பல்லக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, ஊடெல்லாம் தேடுதுங்க!"

வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். நான் வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன். கல்யாணத்துக்கு முன்பே சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்து, கேப் போட்டிருந்தேன். ஈறு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க நான் கோபமாக இருப்பதுபோலவே இருக்கும்.

ஆர்.எஸ்.புரத்தில் முதல் ஷோரூம். மெஷின் புதுக் கார் மாதிரி மின்னியது. நான் கேட்ட முதல் கேள்வியே, "ஷிப்ட்டுக்கு எத்தன பீஸுங்க?" டை கட்டிய விற்பனையாளர் உற்சாகமாகி ஐம்பது என்றார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"நமக்கு ஒரு நாளைக்கு நாலு பல்லு வந்தாலே பெருசுங்க" என்று வசந்தி காதோரம் சொன்னாள். பிறகு டப்பாவைத் திறந்து, "இதுக்கு ஒரு கேப் ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

மாடலை ஸ்கேன் செய்து, சோதனைக்காக ஒரு பிளாஸ்டிக் கட்டையை மாட்டி ஓடவிட்டார்கள். பாதி ஓடியபோது என் கை தானாகச் சுவரிலிருந்த மெயினை அணைத்துவிட்டது. எங்கள் யூனிட்டில் புது மெஷின் பார்க்கப் போனால் இப்படித்தான் செய்வோம். கரண்ட் போய் வந்தால் துணி என்ன ஆகிறது என்று பார்க்காமல் வாங்கினால் காலம் பூராவும் ஓட்டைத் துணிதான். ஆனால் பல் மெஷின் ஷோரூமில் இது வழக்கமில்லை போலிருக்கிறது. விற்பனையாளர் அலறிவிட்டார். மறுபடி போட்டதும் மெஷின் விட்ட இடத்தை மறந்து, முதலிலிருந்து தொடங்கி, பாதி வந்த பல்லைக் கடித்துக் குதறியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம். "சொல்லிட்டு ஆஃப் பண்ணியிருக்கோணும்ல?" என்று வசந்தி என் தொடையில் கிள்ளினாள். வலித்தது.

பீளமேட்டில் இரண்டாவது இடம். ஒரு வீட்டின் முன்னறை, மேசைமேல் வைக்கிற அளவுக்குச் சின்ன மெஷின். திருநெல்வேலிப் பக்கத்து எஞ்சினியர் ஒருவர் ஓட்டிக் காட்டினார். இந்த முறை அனுமதி கேட்டேன்.

"தாராளமா அணைங்க அண்ணாச்சி. எங்க ஊர்லயும் கரண்டு இப்படித்தான் போவுது."

அணைத்தேன், போட்டேன். மெஷின் கொஞ்சம் முனகியது, விட்ட இடத்தைத் தேடியது, அங்கிருந்தே தொடர்ந்தது. ஆனால் ஒரு பல்லுக்கு நாற்பது நிமிஷம். "ரொம்ப ஸ்லோ, புள்ள" என்றேன். வசந்தி காதிலேயே வாங்கவில்லை. கேப்பை எடுத்து, மாடலில் மாட்டி, லென்ஸ் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அப்போதுதான் அந்த மாடலைச் சரியாகப் பார்த்தேன். உடைந்த முன்பல், பக்கத்தில் கொஞ்சம் திரும்பி நிற்கும் கோரைப்பல். தினமும் கண்ணாடியில் பார்க்கிற வாய். ஒரு மாதம் முன்பு என் கேப் கழன்றபோது டாக்டர் அளவெடுத்துவிட்டுப் பழையதையே ஒட்டி அனுப்பியிருந்தார். "புதுசு அப்பறம் பாத்துக்கலாம்" என்று வசந்திதான் சொல்லியிருந்தாள்.

"இது என்னோடதா?"

"பின்ன? என்ற லேப்ல மொதப் பல்லு வேற யாருக்குங்க செய்வேன்?"

எஞ்சினியர் எழுந்து டீ சொல்லப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவள் அந்தச் சாம்பல் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்ன மெஷினுக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

நீங்கள் போவதாக இருந்தால், அவர்கள் காட்டும் பளபள பல்லை நம்பாமல் உங்கள் மாடலைக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை விடுங்கள், ஓரம் பிசிறில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். உதிரி பாகம் எந்த ஊரிலிருந்து வரும் என்றும் கேளுங்கள். மெயினை அணைத்துப் பாருங்கள், ஆனால் சொல்லிவிட்டு.

மெஷின் வந்து என் பல்லை ஓட்டிய அன்று மத்தியானம் நிஜமாகவே கரண்ட் போனது. இருவரும் விசிறிக்கொண்டே மெஷினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. லேப் திறந்த அன்று எடுத்த படங்கள் அடுத்த வாரம் பிரிண்ட் ஆகி வந்தன. எல்லாவற்றிலும் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வசந்தி ஒரு படத்தில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அவள் என் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.