பேஸ் கிதாரும் இரண்டாவது கியரும்

“கிளட்ச்ச இப்ப விடாதீங்க சார். பாட்டுல பேஸ் கிதார் வரட்டும். வந்துச்சா? அதோடயே மெதுவா விடுங்க.”

விட்டேன். வண்டி துள்ளாமல் நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் எங்கள் ஓட்டுநர் பயிற்சி மேடம் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, தடித்த கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர் என்றுதான் யாரும் சொல்வார்கள். காருக்குள்ளோ போஸ்ட்-பங்க் பாட்டு அதிர்கிறது.

அது என்ன சங்கதி என்று முதல் நாளே கேட்டுத் தொலைத்தேன். “பங்க்னா சட்டையப் பிடிச்சுக் கத்துறது சார். கத்திட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் வராம யோசிக்கிறோம் பாருங்க, அது போஸ்ட்-பங்க்.” அன்றைய பாடம் முழுக்க இதுதான். ரிவர்ஸ் எடுக்க எனக்கு இன்னொரு வாரம் ஆயிற்று.

டிரம்ஸ் வேகமெடுத்தால் மேடத்தின் கால் தன்னையறியாமல் அவர் பக்கம் இருக்கும் பயிற்சிப் பிரேக்கை மிதித்துவிடும். நடுரோட்டில் வண்டி குலுங்கும். என் தப்பு என்று நினைத்துப் பத்து நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். “அது நான் சார்,” என்று பதினோராம் நாள் ஒப்புக்கொண்டார், துளியும் வெட்கமில்லாமல். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவரிடம் சொன்னேன். “வீட்டுல தையல் மெஷினும் அப்படித்தான் ஓடும். என் பேன்ட்டப் பாருங்க,” என்று கோணல் தையலைக் காட்டினார்.

மேடம் உயிரையே வைத்திருக்கும் இசைக்குழு பிரிந்து இருபத்தேழு வருடம். இப்போது ஒரே ஒரு கச்சேரிக்காகச் சேர்கிறார்கள், அதுவும் எங்கள் ஊரில். இணையத்தில் டிக்கெட், போன செவ்வாய் காலை பத்துக்கு. அது என் பாட நேரம். அன்று பாடம் வேண்டாமே என்றேன். “வெள்ளிக்கிழமை உங்களுக்கு டெஸ்ட். பாலத்துல ஓட்டிப் பாக்கலேன்னா ஃபெயில்தான்.”

பத்துக்கு வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கைப்பேசியில் வரிசையில் சேர்ந்தார். முன்னால் ஒன்பதாயிரம் பேர். “ஒரு மணி நேரம் ஆவும். வாங்க, பாலம் ஏறலாம்.”

எங்கே ஆயிற்று ஒரு மணி நேரம்? பாலத்தின் நடுவில், நெரிசலில், கைப்பேசி ஒலித்தது. அவர் முறை வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் வாங்காவிட்டால் போயே போச்சு. பாலத்தில் நிறுத்தவும் இடம் கிடையாது.

“நீங்க வாங்குங்க மேடம், நான் பாத்துக்கறேன்.”

“வண்டி ஓடுறப்ப ஃபோனா? இதுக்கு எத்தனை பேர நான் திட்டியிருக்கேன்.”

கைப்பேசியை மடியில் கவிழ்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். பாட்டையும் நிறுத்திவிட்டார். இருபத்தேழு வருஷ ஆசை கடைசியில் என் இடது காலிலா வந்து விடியவேண்டும்? பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது. முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல். ஒரு தடவைகூட வண்டி அணையவில்லை.

பாலம் இறங்கி ஓரங்கட்டியபோது நாற்பது விநாடிதான் மிச்சம்.

“ஹேண்ட் பிரேக்,” என்றார். போட்டேன். அதற்குப் பிறகுதான் கைப்பேசியைத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கெடச்சிருச்சு சார்.” குரல் உடைந்துவிட்டது.

ஹாரன் அடித்த பேருந்து சிக்னலில் மாட்டி எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. ஓட்டுநர் எங்களை முறைத்தார். மேடம் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி ஓடி, பேருந்தின் முன்கண்ணாடிக்கு நேரே நின்று, எட்டியமட்டும் எம்பி, கைப்பேசியில் டிக்கெட்டை அவருக்குக் காட்டினார்.