சின்னவளின் தூக்கம்

வேனில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகாது, சின்னவளுக்குக் கண் மூடிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழிற்சாலை கைமாறப் போகிறது, நாற்பது பேரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், யார் யார் என்ற லிஸ்ட் எந்த நிமிடமும் வரலாம். வேன் முழுக்க அதே பேச்சு. இவள் மட்டும் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மகாராணி மாதிரி தூங்குவாள்.

சின்னவள் என் கொழுந்தனின் மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். அவர்களுக்கு முன் அறை, எங்களுக்குப் பின் அறை, சமையலறை பொது. வேலையும் ஒரே இடத்தில், இருமல் மருந்து அடைக்கிற தொழிற்சாலையில். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அதை அவளிடம் அடிக்கடி சொல்லிக்காட்டியும் இருக்கிறேன், மறைப்பானேன்.

எங்கள் வேலை பார்ப்பது. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். உள்ளே தூசி மிதக்கிறதா, கழுத்தில் கீறல் இருக்கிறதா, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கெட்டதை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். இருபது நிமிடம் பார்த்தால், பத்து நிமிடம் எழுந்து போய், ஒன்றும் இல்லாத பச்சைச் சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார வேண்டும். கண் ஓயாவிட்டால் கீறல் கண்முன்னால் போனாலும் தெரியாது. சூப்பர்வைசர் வேறு நாளைக்குப் பத்துக் கெட்ட பாட்டில்களை, அடியில் ரகசியக் குறி போட்டு, வரிசைக்குள் நுழைத்துவிடுவார். கள்ள பாட்டில் என்போம். யார் எத்தனையைப் பிடித்தோம் என்பது சாயங்காலம் பலகையில் ஏறும். பன்னிரண்டு வருடமாக என் பெயருக்கு நேராகப் பத்துதான்.

லிஸ்ட் பேச்சு வந்ததிலிருந்து எனக்கு எட்டு, ஏழு, ஒரு நாள் ஆறு. சின்னவளுக்கோ தினமும் பத்து. யாரை வைத்துக்கொள்வது என்பதற்கு இந்த மார்க்கைத்தான் பார்ப்பார்களாம். பலகைக்கு முன்னால் நின்றாலே எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. பெஞ்சில் நான் சுவரைப் பார்ப்பதில்லை. இடுப்பில் ஒளித்து வைத்த போனை எடுத்து எங்கள் தொழிலாளர் குரூப்பைப் பார்ப்பேன். பேக்கிங்கில் ஒருவர் இருக்கிறார், ரேடியோ என்றே அவருக்குப் பெயர். காலையில் "நாளைக்கு லிஸ்ட்" என்று போடுவார், மதியம் "நாளைக்கு இல்லையாம்" என்று போடுவார். இரண்டையும் நம்புவேன். சாப்பிடும்போது ரேடியோ, குளிக்கப் போகும்போது ரேடியோ. வீட்டுக்காரர் தும்மினால்கூட எரிந்து விழுவேன்.

சின்னவள் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒருதரம் நோட்டீஸ் போர்டுக்குப் போவாள், பார்ப்பாள், வந்துவிடுவாள். வீட்டில் அவளும் கொழுந்தனும் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை வேலையைப் பற்றிப் பேசுவார்கள். வேலை போனால் என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம், எல்லாம் அதற்குள். ஆறரைக்கு மேல் நான் வாயைத் திறந்தால், "நாளைக்குப் பேசலாம்க்கா" என்று பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கவலைப்படுவதற்கு நேரம் ஒதுக்குகிற பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பாத்திரம் கழுவும்போது ஒரு முணுமுணுப்புப் பாட்டு வேறு.

இதெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, சின்னவள் நாலு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. தலை வாரிவிட்டது நான். ஊட்டிவிட்டது நான். கையைப் பிடித்து மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனதும் நான்தான். மாத்திரை எழுதிக் கொடுத்த கையோடு, கெட்ட செய்தி கேட்பதற்கும் ஒரு அளவு வை, படுக்கிற நேரத்தை மாற்றாதே, மனதில் இருப்பதை ஒருத்தரிடமாவது சொல் என்றெல்லாம் அவர் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மதியம். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முன் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கதவருகே நின்று சொல்லிவிட்டேன்.

"ஏய், உன் பேரு லிஸ்ட்ல இருக்காம்."

விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கா சொன்னாங்க?"

"ரேடியோதான். மொத பேரே உன்னுதாம்."

பச்சைப் பொய். ரேடியோ அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வேனில் அவள் கண்ணை மூடவில்லை. என் போனைக் கேட்டு வாங்கிக் குரூப்பைப் புரட்டிக்கொண்டே வந்தாள். மதியத்துக்குள் மூன்று தரம் நோட்டீஸ் போர்டுக்கு ஓடினாள். நான் அடுத்த வரிசையிலிருந்து பார்க்கிறேன், கழுத்தில் கீறல் விழுந்த பாட்டில் ஒன்று அவள் மூக்குக்கு நேராகப் போகிறது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், எடுக்கவில்லை. சாயங்காலம் பலகையில் அவளுக்கு ஐந்து, எனக்கு எட்டு.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தலை வாராமல் வேனுக்கு வந்தாள். அந்தத் தலையை நான் முன்னேயே பார்த்திருக்கிறேன்.

முதல் இருபது நிமிடம் முடிந்ததும் பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது பொய்டி. ரேடியோ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "ஏன்?"

"நீ தூங்குற. எனக்கு ரெண்டு மாசமா தூக்கமே இல்ல. உன்னைப் பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு."

"நான் தூங்குறேன்னு யாரு சொன்னா?" என்றாள். "வேன்ல கண்ணைத் தொறந்திருந்தா ஆளாளுக்கு எதையாவது சொல்வாங்க. அதுக்காக மூடிக்கிறேன். மத்தியானம் படுத்தா மட்டும் தூக்கமா வருது? எந்திரிச்சா உங்களை மாதிரி நடக்க ஆரம்பிச்சிருவேனோன்னு படுத்துக் கெடக்கிறேன். மறுபடி அந்த நாலு மாசம் வந்துருமோன்னு தெனமும் பயம்க்கா எனக்கு. என் தலையை வாரிவிட்டவங்க நீங்க. எல்லாம் தெரிஞ்சும் எப்படிக்கா சொல்ல வாய் வந்துச்சு?"

இரண்டு மாதமாக நான் வயிறெரிந்தது அவளிடம் இல்லாத தூக்கத்துக்காக. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதும் பொறாமை போகவில்லை. தூக்கம் வராவிட்டாலும் சும்மா படுத்துக் கிடக்கவாவது இவளுக்குத் தெரிகிறதே, எனக்கு அதுகூடத் தெரியவில்லையே என்றுதான் இருந்தது. அவளுக்குப் போன அந்த ஐந்து மார்க்கையும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

"என்னை அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

மணி அடித்தது. அவள் எழுந்து, கலைந்த முடியைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டாள்.

"இந்த வாரம் முழுக்க உங்ககூடப் பேச மாட்டேன். அவ்வளவு கோவமா இருக்கு," என்றாள். "திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. என் தட்டை மட்டும் கழுவாமல் தனியாக ஒதுக்கி வைத்தாள். லிஸ்ட்டும் வரவில்லை. திங்கட்கிழமை காலை எங்கள் அறைக் கதவைத் தட்டி, "கெளம்புங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.