வெங்காயம்தான் முதலில் தீரும்

நாங்கள் பிரியாணிக் கடைக்காரர்கள். திண்டுக்கல்லில் அது ஒரு பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எங்கள் அத்தாவுக்கு மட்டும் கடை தன்னோடு நின்றுவிட வேண்டும், மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசை. பத்தாம் வகுப்பில் நான் சுமாராகத் தேறியதையே தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியவர் அவர். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். எனக்கும் வேதியியலுக்கும் முதல் வாரத்திலேயே ஆகாமல் போயிற்று.

வேதியியல் மிஸ் வேடசந்தூர்க்காரர். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் வருவார். பஸ் அவருக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. குமட்டலுக்குப் பயந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடிதான் இறங்குவார். முதல் பீரியடில் அந்தப் பழம் மேசைமேல் சாக்பீஸுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அந்த வருடம் அறிவியல் பிரிவில் பிள்ளைகள் குறைவு. ஆடி மாதத்தில் பிரிவு வாரியாகத் தலை எண்ணுவார்கள். தலை குறைந்தால் அந்தப் பாடத்தின் ஆசிரியர் உபரி என்று கணக்காகி, ஆள் இல்லாத வேறு ஊருக்கு அனுப்பப்படுவார். எங்கள் வகுப்பு சரியாக அந்த விளிம்பில் நின்றது. ஒரு பிள்ளை நகர்ந்தாலும் மிஸ் கிளம்ப வேண்டியதுதான். இதெல்லாம் பல வருடம் கழித்து, கடையை நான் நடத்தத் தொடங்கிய பிறகு, ஒரு வழியனுப்பு விழாவுக்குப் பார்சல் சொல்ல வந்த ஆசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எலுமிச்சம்பழம்தான்.

ஒருநாள் மிஸ் பலகையில் 'வினைக் கட்டுப்பாட்டுக் காரணி' என்று எழுதினார். பெயரைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது. மிஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ஒங்க கடையில ஒரு பார்சல்ல என்னென்ன வைப்பீங்க?"

"பிரியாணி ஒண்ணு, தால்ச்சா ஒண்ணு, தயிர் வெங்காயம் ரெண்டு, மிஸ்."

"பிரியாணி பத்து, தால்ச்சா பத்து, வெங்காயம் பன்னெண்டு இருக்கு. எத்தன பார்சல் போடுவ?"

"ஆறு மிஸ். வெங்காயம்தான் மொதல்ல தீரும். பிரியாணியில நாலு, தால்ச்சாவுல நாலு மிஞ்சும்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. எது முதலில் தீர்கிறதோ, அதுதான் எவ்வளவு விளையும் என்பதை முடிவு செய்கிறது. மற்றது எவ்வளவு குவிந்து கிடந்தாலும் மிகுதிதான், சேர ஆள் இல்லாமல் சும்மா நிற்கும் என்றார். கையோடு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும் சமன்பாட்டை எழுதினார். இது ஒரு பங்குக்கு அது மூன்று பங்கு. இரண்டும் பத்துப் பத்து இருந்தால் எது முதலில் தீரும் என்று என்னையே கேட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

"அதே கணக்குதாம்மா" என்றார் மிஸ். எனக்கு அது அதே கணக்காகத் தெரியவில்லை. நைட்ரஜனை நான் எந்தக் காலத்தில் பொட்டலம் கட்டினேன்.

தெரியாத இடத்தில் தெரிந்ததைப் பேசிச் சமாளிப்பது அப்போதே என் வழக்கம். "எங்க கடையா இருந்தா மிஞ்ச விட மாட்டோம் மிஸ். பார்சலுக்கு ஒரு வெங்காயமா வச்சு அம்புட்டையும் தள்ளிருவோம்" என்றேன். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "நீ அட்ஜஸ்ட் பண்ணுவம்மா, அணு பண்ணாது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மிஸ் கடைக்கே வந்துவிட்டார். அத்தா பதறிப்போய், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். நான் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மிஸ் பிரியாணி வேண்டாம், பஸ் ஏறணும் என்று சொல்லிவிட்டு நின்றபடியே பேசினார்.

"புள்ளைய காமர்ஸுக்கு மாத்திருங்க. யாபாரக் கணக்கு அதுக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கயே வச்சிருந்தா ரெண்டு வருசமும் அழுதுகிட்டேதான் இருக்கும்."

அத்தாவின் முகம் விழுந்துவிட்டது. "டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னு ஒரு ஆசை டீச்சர். மாத்தத்தான் செய்யணும்னா, செத்த நாள் பொறுத்துச் செய்யலாமே. இந்த ஆடி போகட்டும்."

மிஸ் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே தெருவைப் பார்த்தார். அந்த ஆடியைப் போகவிட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு 'சரிங்க' போதும். அத்தாவுக்கும் நிம்மதி, எனக்கும் பெரிதாக நஷ்டமில்லை.

"இல்லைங்க, நாளைக்கே மாத்திருங்க" என்றார். "தள்ளிப் போனா அங்க பாடம் ஓடிரும். புள்ளயால புடிக்க முடியாது."

மறுநாளே நான் காமர்ஸ் வகுப்பில் இருந்தேன். அங்கே எனக்கு எல்லாமே புரிந்தது. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லி முடியாது. வேதியியலை அடியோடு மறந்தேன். ஆடி போய், கொஞ்ச நாளில் மிஸ்ஸுக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார்கள். கொடைக்கானலையும் தாண்டி, மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்.

அத்தா ஒரு பார்சல் கட்டி, வெங்காயத்தைத் தாராளமாக வைத்து, மிஸ்ஸிடம் கொடுத்துவரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் புறப்பட நின்றது. மிஸ் மட்டும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை வேடசந்தூரிலேயே இருந்தது. நான் சன்னல் வழியாகப் பொட்டலத்தை நீட்டினேன்.

"குடுத்து வச்சவங்க மிஸ் நீங்க" என்றேன். "எல்லாரும் லீவு போட்டு, காசு செலவழிச்சு பாக்க வர்ற ஊரு."

மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாம்மா" என்றார். பிறகு, "காமர்ஸ் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப புடிச்சிருக்கு மிஸ்."

"அப்பச் சரி."

பஸ் நகர்ந்தது. மிஸ் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். மலை ஏறும் வரைக்கும் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது. அறிவியல் பிரிவில் குறைந்த அந்த ஒரு தலை என்னுடையது என்பதும் தெரியாது. மிஸ்ஸுக்குச் சன்னலோர இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கை வலிக்கும்வரை டாட்டா காட்டினேன்.