பென்சாயிக் அமிலத்துக்கு அவள் சொன்ன பதில்

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் புழுக்கம். பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் கிடந்த என் மனைவி அந்த அறையில்தான் முதல் வார்த்தையைச் சொன்னாள். நர்ஸ் ஆஸ்பிரின் மாத்திரையை நீட்டினார். கல்லூரியில் வேதியியல் நடத்திய பழக்கதோஷத்தில் அதன் விதிப்படியான பெயரை முணுமுணுத்தேன்: எத்தனாயிலாக்சி பென்சாயிக் அமிலம்.

“அசிட்டைல்” என்றாள்.

அத்தனை நாள் கழித்து வந்த பேச்சும் எனக்கான திருத்தம்தான். நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் அழுதேன்.

அவள் பாளையங்கோட்டையில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை. கார்பாக்சிலிக் அமிலத்திலிருந்து ஹைட்ராக்சில் பகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அசைல் தொகுதி. அதற்குப் பெயர் அமிலத்தின் பெயரிலிருந்தே வரும். அந்த அமிலத்தை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டுச் சண்டை. நான் விதிக்காரன்: எத்தனாயிக் அமிலம், ஆகவே எத்தனாயில். அவளுக்கு அது வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், ஆகவே அசிட்டைல். “உங்க சட்டத்த நீங்களே வச்சுக்கிடுங்க. மணத்தோட வந்த பேரை நான் ஏன் விடணும்?” என்பாள். பிற்பாடு பன்னாட்டுப் பெயரிடும் குழுவே அசிட்டைல்தான் விருப்பப் பெயர் என்று விதி எழுதியது. அதை நானே வாசித்துக் காட்டினேன். அன்று கடையிலிருந்து என்னை மிக்சர் வாங்கிவரச் செய்து கொண்டாடினாள்.

வீட்டுக்கு வந்தபின் பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரந்தோறும் படஅட்டைகளுடன் வந்தார். குடை, பூனை, வாழைப்பழம். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத் தோப்புக்கு நடுவே வளர்ந்தவள் அந்த மஞ்சள் படத்தை யாரோ அந்நியரின் புகைப்படம் போலப் பார்த்தாள். நான் ஃபார்மிக் அமிலம் என்றால் மட்டும் ஃபார்மைல் என்பாள். புரோப்பியோனிக் என்றால் புரோப்பியோனைல். அமிலத்தை மறுபடி சொன்னால் அலுப்போடு கையை ஆட்டுவாள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார், வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிப் பழகுனது தானா வருது. அதை வச்சு மத்த பேச்சும் வரும்னு நெனச்சுக்கிடாதீங்க.”

நான் நினைத்துக்கொண்டேன். தேர்வு நடத்துவது, மறுமதிப்பீடு கோருவது, ஓய்வூதியக் கோப்பை நகர்த்துவது என்று எல்லாவற்றுக்கும் நடைமுறை அறிந்தவனுக்கு இதற்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். காலையில் அமிலங்கள், அதன்பின் அவற்றின் குளோரைடுகள், அதன்பின் வீட்டுப் பொருள்கள், கடைசியில் மகள் பெயர். அந்தக் கடைசிப் படியை அவள் எட்டினால் போதும். என் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை. முன்பும் அவள் அதைச் சொன்னதில்லை.

பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் கேட்டாள். “யம்மா, நான் யாரு? சொல்லு பாப்போம்.”

என் மனைவி திரையை நெருங்கிப் பார்த்தாள். உதடுகளைக் கூட்டினாள். “புரோப்பியோனைல்” என்றாள், மிகுந்த பிரியத்துடன்.

மகள் சிரித்தாள். பிறகு அவள் போன் மேற்கூரையைக் காட்டியபடி கிடந்தது.

போன வாரம் காலைப் பாடத்தில் பென்சாயிக் அமிலம் என்றேன்.

“பென்சைல்.”

பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். பென்சாயிலில் அமிலத்திலிருந்து வந்த ஆக்சிஜன் உண்டு. பென்சைலில் அது கிடையாது. அது அசைல் தொகுதியே இல்லை, வேறு பொருள். விடைத்தாளில் இதற்கு அவள் அரை மதிப்பெண் கூடப் போட்டதில்லை. கேள்வியை இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன்.

“பென்சைல்.”

பயிற்சிக்காரப் பெண் எச்சரித்ததில் இது இல்லை. இருக்கும் இந்தக் கொஞ்சமும் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“சரிதான்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன சரியானவற்றைக்கூட நான் எளிதில் ஒத்துக்கொண்டவன் இல்லை. அவள் கண்கள் நிறைந்தன. பிறகு பைய, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.