களியை மெல்லக் கூடாது

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஓசூரில் இரண்டு லேத் பட்டறைக்கு முதலாளி. ஊரைச் சுற்றிக் காட்டுவதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து புதுச் சம்பந்தி வந்தபோது கிருஷ்ணகிரிக் கோட்டை, அணைக்கட்டு, ஓசூர் மலைக்கோயில் எல்லாம் காட்டி அசத்தினேன். சாப்பாட்டுக்கு மட்டும் பெங்களூரில் பெரிய ஹோட்டலாகப் பார்த்து வைத்திருந்தேன். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவன் என்று தெரிந்தால் மதிப்புக் குறையும் என்ற பயம்.

மலை இறங்கியதும் அவருக்குப் பசி தாங்கவில்லை. அடிவாரத்துக் களிக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் வாய்க் களியை மென்றதும் பல்லிலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"இதை எப்படிச் சாப்பிடுறது சம்பந்தி?"

"எனக்கென்னங்க தெரியும்? நம்ம வீட்ல இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்றேன். அதற்குள் என் கை களியைக் கிள்ளி உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டிருந்தது. மெல்லாமல் விழுங்கியும்விட்டேன்.

கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். "ஏண்ணா, பழக்கமில்லாத கையா இது?"

சம்பந்தி தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்படியே எனக்கும் ஒண்ணு உருட்டிக் குடுங்க."

பட்டறை கட்டிய கை என்று பெருமை பேசியவன், அந்தக் கை தின்று வளர்ந்ததைத்தான் மறைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் விருந்தாளி வந்தால் முதலில் அந்தக் கடை, அப்புறம்தான் கோட்டை. களி உருட்டக் கற்றுக்கொடுப்பதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.